தனுஷ்கோடியின் சுவர்கள்

கோவில்பதாகையில் குடியிருக்கும் நமக்குப் புயல் என்றால் மழைதான் ஞாபகத்துக்கு வரும். 2023-ஆம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஆவடிப் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் தேங்கி நின்றது. ஏரிக் கரை தாங்குமா என்பதே நம் கவலை. சமுத்திரமோ கிழக்கே 20 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அது எழுந்து வீட்டுக்குள் வரும் என்று நாம் கனவிலும் நினைப்பதில்லை.

வகுப்பில் ஒரு பையன், "ஸார், நம்ம ஊர்த் தண்ணீர் வீட்டை நனைத்ததே தவிர இடிக்கவில்லையே, கடல் தண்ணீர் மட்டும் எப்படி இடிக்கும்?" என்று கேட்டான். புஸ்தகத்தில் உள்ள விடையைச் சொன்னோம். சொன்னது நமக்கே திருப்தியாக இல்லை. ஆகவே, கோடை விடுமுறையில் ராமேசுவர யாத்திரை புறப்பட்டபோது தனுஷ்கோடியையும் கண்ணாரக் கண்டு வருவது என்று தீர்மானித்தோம்.

ராமேசுவரத்திலிருந்து தென்கிழக்கே போகும் சாலை, 2017-இல் அரிச்சல்முனை வரையில் திறந்துவிடப்பட்டது. போகப் போக நிலம் ஒடுங்கி, ஒரு பக்கம் பாக் நீரிணைக் கடலும், மறுபக்கம் மன்னார் வளைகுடாவுமாக, நடுவில் மணல் திட்டு ஒன்றே மிஞ்சுகிறது. இந்த மணலின்மேல் ஒரு காலத்தில் ரயில் நிலையம், தபால் ஆபீஸ், மாதா கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் கொண்ட பட்டணம் இருந்தது. சென்னையிலிருந்து 'போட் மெயில்' பிரயாணிகள் இங்கே இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் போவார்கள். இலங்கைத் தோட்டங்களை நம்பிப் போன நம் ஏழைச் சகோதரர்கள் எத்தனையோ பேர் தாய்நாட்டைக் கடைசியாகத் திரும்பிப் பார்த்தது இந்தக் கரையிலிருந்துதான்.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடியை நெருங்கிய சமயத்தில் அலைகளுக்கு இரையாயிற்று. அதிலிருந்த 100-க்கு மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பொழுது விடிந்தபோது பட்டணமே இல்லை. பிறகு, மனிதர் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று சர்க்கார் அறிவித்துவிட்டது.

மாதா கோயிலின் எதிரே நின்றோம். கூரை போய்விட்டது. கடலிலிருந்து எடுத்த பவளப் பாறைக் கற்களால் கட்டிய சுவர்கள் அரைகுறையாக நிற்கின்றன. கடல் பொங்கிய விதத்தை இங்கேதான் நன்றாக யோசிக்க முடிந்தது. புயலின் நடுவில் காற்றின் பாரம் குறைவதால் நீர் சற்று உயரும். ஆனால் பெரிய காரியத்தைச் செய்வது காற்றே. அது நீரைக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டே வருகிறது. ஆழமான கடலானால் நீர் அடியில் திரும்பிப் போகும். பாக் நீரிணையைப் போன்ற ஆழமற்ற கடலில் அதற்கு வழியில்லை. ஆகவே நீர் மட்டமே உயர்ந்து நிலத்தின்மேல் ஏறுகிறது. அந்த உயர்ந்த நீரின்மேல் ஏறிக்கொண்டு அலைகள் வாசற்படிக்கு வந்து அடிக்கின்றன. ஒரு கன மீட்டர் கடல் நீர் 1,000 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அந்தப் பாரம் இரவு முழுதும் சுவரை மோதுகிறது. திரும்பும்போது அஸ்திவாரத்து மணலை அரித்துக்கொண்டு போகிறது. காலடி மண் போன பிறகு கல் சுவரானால் என்ன, மண் சுவரானால் என்ன?

பாம்பன் பாலமே இதற்குச் சாட்சி. 1914-இல் திறக்கப்பட்ட அந்த ரயில் பாலத்தின் இரும்பு உத்தரங்கள் பலவற்றை அதே புயல் அடித்துச் சென்றது. ஆனால் தூண்கள் நின்றன. ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினீயரின் பொறுப்பில் 46 நாட்களில் பாலம் மறுபடியும் உபயோகத்துக்கு வந்துவிட்டது. தனுஷ்கோடிக்கோ தண்டவாளம் மீண்டும் போடப்படவில்லை.

அமெரிக்காவில் கால்வெஸ்டன் என்ற தீவு நகரமும் 1900 செப்டம்பரில் இப்படியே அழிந்தது. 6,000 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அந்நகரத்தார் கடலோரம் பெருஞ்சுவர் எழுப்பி, வீடுகளைத் திருகு ஜாக்கிகளால் தூக்கி அடியில் மணலை நிரப்பி, நகரத்தையே உயர்த்திக்கொண்டார்கள். அதற்கு வேண்டிய பணம் அவர்களிடம் இருந்தது. பணமில்லாதவர்கள் என்ன செய்வது?

இதை எண்ணிக்கொண்டு திரும்புகையில், சிப்பி மாலை விற்கும் ஓர் அம்மாளைக் கண்டோம். பக்கத்திலேயே ஓலைக் குடிசை.

"இங்கேயா அம்மா குடியிருக்கிறீர்கள்? பயமாக இல்லையா?" என்று கேட்டோம்.

"கல்லு வீடுதான் பயம் ஐயா. அவங்க கல்லுலதானே கட்டினாங்க? ஓலை போனா மறுபடி வேய்ஞ்சுக்கலாம்."

"கடலே வந்துவிட்டால்?"

"இப்போ முன்கூட்டியே சொல்லிடறாங்க. நான் புள்ளைகளோட ராமேசுரம் போயிடுவேன். வீட்டுக்காரருதான் படகையும் வலையையும் விட்டுட்டு வர மாட்டாரு. கடன் வாங்கி வாங்கின வலை ஐயா."

நாம் மௌனமானோம். அன்றிரவு ரயிலில் சென்றவர்களுக்கு எதிரே இருந்த ஆபத்து தெரியாது. இன்று வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள்கள் புயலை நாள் கணக்கில் முன்னதாகவே காட்டிவிடுகின்றன. செய்தி குடிசை வரையில் வந்துவிட்டது. ஆனால் செய்தி வந்தும் ஒருவன் தன் வலைக்காகக் கரையில் நிற்பானேயானால், அவனுக்கு இன்னும் அது 1964-ஆம் வருஷந்தான். "உயிரோடு வா, படகுக்கும் வலைக்கும் நாங்கள் பொறுப்பு" என்று சொல்ல இந்தத் தேசத்துக்குச் சக்தி உண்டு. அந்த வார்த்தையை அவன் நம்பும்படி சொல்ல வேண்டும். புயலுக்குப் பிறகு அல்ல, முன்பே சொல்ல வேண்டும்.

பள்ளி திறந்ததும் பையனிடம் விடையைச் சொன்னோம்: "நம் ஊர்த் தண்ணீர் நின்றது, கடல் தண்ணீர் மோதிவிட்டு, போகும்போது மண்ணையும் எடுத்துக்கொண்டு போகிறது." சிப்பி மாலை அம்மாளைப் பற்றியும் சொன்னோம். அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "புது வலை என்ன விலை ஸார்?" என்று கேட்டான்.