முகமும் கூற்றும்

சென்ற மாதம் ஒரு கலை விழாவின் அமைப்பாளரான இளைஞர் தொலைபேசியில் அழைத்து, நற்றிணைப் பாட்டு ஒன்றை ஏதாவதொரு சினிமாக் காட்சியோடு பொருத்தி, ஒன்றரை நிமிஷத்துக்கு மிகாமல் மேடையில் சொல்ல முடியுமா என்று வெகு மரியாதையாகக் கேட்டார். ஆயுளின் பெரும்பகுதியைச் சங்க இலக்கியம் சொல்லிக்கொடுப்பதில் கழித்து, ஓய்வு பெற்ற பின்னும் ஞாயிறு மாலைகளில் சென்னைக் கடற்கரை மீனவர் பகுதியான நொச்சிக்குப்பத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாட்டு வாசிக்கிற ஒருவனிடம் இப்படிக் கேட்பது, ராக ஆலாபனை வேண்டாம், கெட்டிமேளம் மட்டும் போதும் என்று நாகஸ்வர வித்துவானிடம் சொல்வதற்குச் சமானம். “உரையெல்லாம் யார் சார் கேக்கறாங்க? ரிலேட் பண்ணிக்க முடிஞ்சா போதும்” என்று வேறு சொன்னார். கோபம் தணிய இரண்டு நாள் ஆயிற்று.

சினிமாவின் மேல் எனக்குத் துவேஷம் கிடையாது. 1942-இல் கண்ணாம்பாவும் 1964-இல் விஜயகுமாரியும் கண்ணகிக்கு முகம் கொடுத்தார்கள். 1968-இல் கடற்கரையில் சிலையும் எழுந்தது. அதனால் இளங்கோவடிகளுக்கு யாதொரு நஷ்டமும் நேரவில்லை. ‘பொன்னியின் செல்வன்’ குந்தவை என்றால் திரிஷா என்று இக்காலத்துப் பிள்ளைகள் சொல்லும்போது முகம் சுளிக்கிற என் வயதுக்காரர்கள், ‘கல்கி’ இதழில் மணியம் வரைந்த கொண்டையைத்தான் தாங்கள் குந்தவை என்று நம்பி வளர்ந்தோம் என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். பெயருள்ள பாத்திரத்துக்கு முகம் தேடுவது மனித சுபாவம். ஆனால் காதலைப் பாடும் அகப்பாட்டின் சங்கதி வேறு. அன்பின் ஐந்திணையில் ஒருவர் பெயரையும் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியர் விதித்தது ஏதோ நாகரிகத்துக்காக மட்டும் அன்று. பெயரை நீக்கினால் முகம் போய்விடும், முகம் போனால் குரல் மட்டும் நிற்கும், அந்தக் குரல் யாருடையது என்று கேட்கிறவன் தேடியாக வேண்டும். பேசுகிறவர் யார் என்னும் கூற்று, பேச்சு எழும் சூழலான துறை, உள்ளே மறைந்து நிற்கும் பொருளான இறைச்சி, தலைவன் வேலிக்கு அப்பால் நின்று கேட்கும் சிறைப்புறம் எல்லாம் அந்தத் தேடலின் கருவிகளே.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் குடியிருப்பு வாரிய வீடுகளிலிருந்து வருகிறவர்கள் பாதி, மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கத்திலிருந்து வரும் கல்லூரி மாணவர்கள் பாதி. திருமணத்துக்கு முன் மறைவாக நிகழும் காதலான களவொழுக்கத்தை ‘சிச்சுவேஷன்ஷிப்’ என்கிறார்கள். வரைவை, அதாவது திருமணத்தை, நீட்டிக்கிற தலைவன் ‘ரெட் ஃப்ளாக்’. கேட்கும்போது எரிச்சல் வந்தாலும், சீக்கிரம் மணந்துகொள் என்று வரைவு கடாவுகிற தோழியின் மனநிலைக்கு அந்தச் சொல் அவ்வளவு தூரமில்லை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு பையன், 2013-இல் வந்த ‘மரியான்’ படத்தில், சூடானுக்கு வேலைக்குப் போய்ச் சிறைப்பட்ட மீனவனுக்காகக் கரையில் காத்திருக்கும் பனிமலரைச் சொல்லி, “இதுதானே சார் இரங்கல்?” என்றான், கடலோர நெய்தல் திணைக்கு உரிய பிரிவுத் துயரை நினைத்து. பேஷான கேள்வி, நானும் பாராட்டினேன். விபரீதம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. அம்மூவனார் பாட்டானாலும் உலோச்சனார் பாட்டானாலும், நெய்தல் என்று வாயெடுத்தால் பனிமலர் வந்து நின்றாள். தலைவி பேச்சும் அவளே பேசினாள், தோழி பேச்சும் அவளே பேசினாள், போகிற போக்கில் வளர்ப்புத் தாயான செவிலியின் கவலையையும் அவளே பட்டாள். ஒரு நடிகையின் முகம் மனத்தில் ஏறிவிட்டால் காது மந்தமாகிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

என் ஆசிரியர் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார். திருவல்லிக்கேணியில் ஒரு சந்து வீட்டின் ரேழியில் அவர் பாடம் சொல்லுவார். புத்தகத்தைத் திறந்தவுடன், பேசுவது யார், சூழல் எது என்று சொல்லும் துறைக்குறிப்பின் மேல் ஒரு பழைய தபால் கார்டை வைத்து மூடிவிட்டு, “பேசுவது யார்? கேட்பது யார்? கேளாதவன்போல் வேலிக்கு அப்பால் நிற்பது யார்?” என்று மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வெற்றிலையை மடிக்கத் தொடங்குவார். விடை வரும்வரை பதவுரை கிடையாது. சில நாட்களில் விடையும் வராது, பதவுரையும் வராது, விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டதென்று எழுந்து வந்துவிடுவோம். துறைக்குறிப்பு பிற்காலத்தார் வகுத்தது, அதற்கு நாம் அடிமையில்லை, ஆனால் அதை மறுக்க விரும்புகிறவன் முதலில் சுயமாக அந்த இடத்துக்கு வந்து சேர வேண்டும் என்பது அவருடைய கட்சி. நற்றிணைக்குப் பழைய உரை இல்லாமையால் 1915-இல் வெளிவந்த பின்னத்தூர் நாராயணசாமி ஐயரின் பதிப்பும் உரையுமே எங்களுக்கு ஊன்றுகோல். அட்டை போய்ச் சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்த அந்தப் பிரதியைக் கை கழுவாமல் அவர் தொட்டதில்லை. தொட்டபின் ஐயரோடு சண்டை போடாமலும் இருந்ததில்லை.

நற்றிணை நாற்பத்தைந்தாம் பாட்டில் அவர் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. தலைவனிடம் தோழி சொல்வது இது: கடலுக்குள் புகுந்து மீன் பிடிப்பவர் மகள் இவள். கொடி பறக்கும் கடைத்தெருக்களையுடைய மூதூரில் விரையும் தேருடைய செல்வனின் மகன் நீ. சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவை ஓட்டுகிற எங்களிடம் மீன் நாற்றம் அடிக்கும், தள்ளி நில். எங்கள் எளிய வாழ்வு உன்னோடு ஒவ்வாது. எங்களவர்க்குள்ளும் மேன்மையானவர்கள் உண்டு. இவ்வளவுதான் விஷயம், பதினோரடி. கடைசி அடியை எப்படிச் சொல்லுவது என்பதுதான் வழக்கு. நான் கோபமாகச் சொன்னேன்; “தோழி சண்டைக்கா வந்தாள்?” என்றார். பணிவாகச் சொன்னேன், “யாசகமா கேட்கிறாள்?” என்றார். அவன் அவமானப்பட்டுத் திரும்பிப் போய்விட்டால் தோழிக்கல்லவா நஷ்டம், போகாமலும் இருக்க வேண்டும், உறைக்கவும் வேண்டும், அதுவல்லவா தலைவனைத் தோழி தள்ளி நிறுத்தும் சேட்படை என்று எனக்குத் தோன்றுவதற்குள் பல வாரங்கள் கழிந்துவிட்டன. உதட்டோரத்தில் ஒரு சிரிப்பை ஒளித்துக்கொண்டு ஒருநாள் நான் அதைச் சொன்னபோது, சரி என்றும் சொல்லாமல், தப்பென்றும் சொல்லாமல், கார்டை எடுத்து அடுத்த பாட்டின் மேல் வைத்தார்.

அந்தப் பாட்டைத்தான் போன மாதத்தில் குப்பத்துப் பிள்ளைகள் முன் வைத்தேன். மயிலாப்பூர்ப் பையன் ஒருவன் உடனே பணக்காரக் காதலன், ஏழைக் காதலி என்று படங்களை அடுக்கத் தொடங்கினான். ‘படகோட்டி’யும் அகப்படாமல் போகவில்லை. அப்போது மீன் விற்கிற வீட்டுப் பெண் ஒருத்தி, பி.காம். படிப்பவள், “ஹீரோயின் இன்னும் வாயே தொறக்கல, பேசறது அவ ஃப்ரெண்டு” என்று வெட்டினாள். தபால் கார்டு செய்ய வேண்டிய வேலை ஆயிற்று. “நெத்திலின்னா நாத்தம் பக்கத்துலதான் அடிக்கும். சுறா கருவாடு ரோடு வரைக்கும் தூக்கும். அதான் சுறான்னு வச்சிருக்காங்க” என்றாள். காய்கிற மீனுக்குக் காக்கை ஓட்ட உட்காருகிறவளை நாள் முழுதும் அங்கே ஏன் இருக்கிறாய் என்று வீட்டில் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்பதையும் அவளே சொன்னாள். காதலர் சந்திக்கும் குறியிடம் எப்படி வாய்க்கிறது என்பதை நான் நூறு வகுப்பில் சொல்லியிருப்பேன். இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

ஆனால் கடைசி அடியை அவள் கோபமாகவே படித்தாள். நான் திருத்தினேன். “சிரிச்சிக்கினு சொன்னா அவனுக்கு உறைக்காது சார். லூப் ரோட்டுல கார் கண்ணாடிய ஏத்திக்கினு மூக்க மூடிக்கினு போறாங்களே, அவங்களாண்ட சிரிச்சா பேசுவோம்?” என்றாள். 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பத்து லூப் சாலையோர மீன்கடைகளை அகற்றியபோது படகுகளைக் குறுக்கே இழுத்துப் போட்டு மறித்த ஜனங்களின் வீட்டுப் பெண். அடுத்த வருஷம் புதிய அங்காடிக் கட்டிடம் திறந்ததால் அந்தச் சூடு ஆறிவிடவில்லை. அவளுடைய கோபம் நியாயம். இருந்தாலும் அது சாலைக்கு உரிய கோபமேயன்றித் தோழிக்கு உரியதன்று என்றே நான் சாதிக்கிறேன். மறுநாளும் தலைவன் அந்தக் கடற்கரைக் கானலுக்கு வந்தாக வேண்டும். எங்கள் வழக்கு இன்னும் தீரவில்லை. அவளாவது கூற்று எது என்று அறிந்து வாதாடுகிறாள்.

அப்படி அறியாதவர்கள் இப்போது போதிக்க வந்துவிட்டார்கள். இதே பாட்டுக்கு ஒரு காணொளி உலவுகிறதென்று பிள்ளைகள் கைப்பேசியில் காட்டினார்கள். பின்னணியில் வீணை, தேர்ச்செல்வன் மகனுக்கு ஒரு நடிகரின் படம், பாட்டு முழுவதும் தலைவியின் வாயில் வைக்கப்பட்டிருந்தது. தோழி இல்லை. வேலி இல்லை. செய்தவர் யாரென்று பார்த்தால் என்னிடமே மூன்று வருஷம் பாடம் கேட்டவர், இன்று ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். கூப்பிட்டுக் கேட்டேன். “தோழி, துறைன்னு ஆரம்பிச்சா பாக்கறவங்க ஓடிடுவாங்க ஐயா” என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். தோழி பேசுகிற பாட்டுகளை நீக்கிவிட்டால் நற்றிணை நானூற்றில் மிச்சம் எத்தனை என்று எண்ணிச் சொல்லும்படி அவருக்கு எழுதினேன். இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார் போலும்.