கடற்காற்று வாங்கும் காலேஜ்

மெரினாவில் காந்தி சிலையிலிருந்து ரோட்டைத் தாண்டினால் ராணி மேரிக் கல்லூரி. சென்னையில் பெண்களுக்கென்று வந்த முதல் கல்லூரி. போன மாசம் நானும் என் சிநேகிதியும் போயிருந்தோம். ரெண்டு பேருக்கும் முட்டி வலி. வாய்க்கு மட்டும் வலியே கிடையாது!

"ஏண்டி, கேப்பர் ஹவுஸ் எங்கே?" என்றாள். 1914-ல் டோரதி டி லா ஹே அம்மையார் முதல் பிரின்சிபாலாக இருந்து கல்லூரியை ஆரம்பித்த பங்களா அது. எப்பவோ இடித்தாச்சு.

முழுக் காலேஜுமே போயிருக்கும். 2003-ல் தலைமைச் செயலகம் கட்ட இந்த இடத்தை எடுக்கப் போவதாக அரசு அறிவித்ததும், மாணவிகள் நகர மாட்டோம்னு உள்ளேயே உட்கார்ந்துட்டாங்க. பழைய மாணவிகளும் திரண்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. சிநேகிதி போனாள். நான்? 'அவருக்குப் பிடிக்காது' என்று வீட்டில் ரசம் தாளித்துக் கொண்டிருந்தேன்.

மரத்தடியில் ஒரு பொண்ணு கேட்டாள்: "ஆன்ட்டி, அந்தப் போராட்டத்துக்கு வந்தீங்களா?"

எனக்குத் தொண்டை அடைத்தது.

"ரெண்டு பேரும்தாம்மா வந்தோம்" என்றாள் சிநேகிதி, என் பக்கம் திரும்பாமலே.

அப்புறம் பீச்சில் சுண்டல். காசு நான்தான் கொடுத்தேன்.