ஒரே நிறம்: சில குறிப்புகள்

பூமாவின் அறிவியல் பெயர்: பூமா கன்கலர் (லின்னேயஸ், 1771).

அந்த அடைப்புக்குறி சும்மா இல்லை. லின்னேயஸ் வைத்த பேரினம் பின்னால் மாறிவிட்டது என்பதற்கு அடையாளம். அவர் போட்டது ஃபெலிஸ். வீட்டுப் பூனையோடு சேர்த்துவிட்டார். ஜார்டின் என்ற இயற்கையியலாளர் பூமா என்று தனியே பிரித்தது 1834இல். அப்புறமும் நூறு வருஷத்துக்கு மேல் பல புத்தகங்களில் ஃபெலிஸ்தான்.

கன்கலர் என்றால் ஒரே நிறம். குட்டிக்கு உடம்பெல்லாம் கரும்புள்ளி, வாலில் வளையம். வளர வளர மறையும்.

ஆங்கிலத்தில் மட்டும் நாற்பதுக்கு மேல் பெயர். கின்னஸ் கணக்கு.

கலிஃபோர்னியாவில் மவுண்டன் லயன். வாஷிங்டன் மாநிலத்தில் கூகர். ஃப்ளோரிடாவில் பாந்தர். அப்பலாச்சிய மலைக்காரர் வாயில் பெயிண்ட்டர். (சுண்ணாம்பு வாளியோடு ஒருவர் வந்து நிற்கிறார். என்ன செய்ய.)

கூகர், பிரேசிலின் டூப்பி மொழியிலிருந்து. ‘மான் மாதிரி’ என்று பொருளாம். நிறத்தைச் சொல்கிறார்கள். அது தின்பதும் மான்.

சிலியில் லியோன். சிங்கம். பிடரி கிடையாது. கர்ஜனையும் கிடையாது. தொண்டைக்குள் குர்ர்ர், அவ்வளவுதான்.

நெருங்கிய சொந்தம்: ஜாகுவாருண்டி. அதற்கடுத்து, ஆப்பிரிக்காவில் ஓடுகிற சிவிங்கிப்புலி.

ஃபோர்டு 1997இல் பூமா என்று ஒரு கார் விட்டது. 1998இல் கூகர் என்று இன்னொன்று.

ஆப்பிளின் கணினி இயங்குதளங்கள்: 2001 பூமா, 2012 மவுண்டன் லயன். நடுவில் 2003இல் பாந்தர். எந்தப் பாந்தரோ.

துணையினம் 32 என்றிருந்தது. மண்டையோடும் தோலும் பார்த்துப் பிரித்தவை. 2000இல் மரபணு பார்த்து 6 என்றார்கள். 2017இல் 2.

மார்ச் 2011: கிழக்குக் கூகர் அற்றுப்போய்விட்டது என்று அமெரிக்க வனவிலங்குத் துறை முடிவு கட்டியது.

ஜூன் 2011: கிழக்கே, கனெக்டிகட்டில் கார் அடித்து ஒரு கூகர் செத்தது. இளம் ஆண். மரபணு பார்த்தால் தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ். 2,400 கி.மீ.க்கு மேல்.

அது மேற்குக் கூகர். ஆகவே கிழக்குக் கூகர் அற்றுப்போனதுதான். கோப்பில் தவறில்லை.

லாஸ் ஏஞ்சலஸ், கிரிஃபித் பூங்கா. இரண்டு பெரிய நெடுஞ்சாலை தாண்டி வந்து குடியேறியதற்குப் பெயர் பி-22. 2022இல் அது சாகும்வரை ஊரே மவுண்டன் லயன் என்றது. பி மட்டும் பூமாவின் பி.

ஃப்ளோரிடா. 1990களின் தொடக்கத்தில் மிஞ்சியது 20, 30. சொந்தத்துக்குள்ளேயே கூடிக்கூடி வால் நுனி கோணல், முதுகில் மயிர்ச்சுழி. மாட்டுச் சந்தைத் தரகர் மாதிரி விஞ்ஞானிகள் சுழி பார்த்தார்கள்.

1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த தலைமுறையில் கோணல் குறைந்தது.

டெக்சாஸில் அவை மவுண்டன் லயன். சுடுவதற்குப் பருவமும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. ஃப்ளோரிடாவில் சுட்டால் மத்திய அரசு வழக்கு.

சட்டம் காப்பது ஃப்ளோரிடா பாந்தரை. ‘நான் சுட்டது பாந்தர் இல்லை, கூகர்’ என்று ஒருவன் சொன்னால்? அதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: அந்த மாநிலத்துக்குள் பார்க்க அதே மாதிரி இருந்தால் போதும், அதுவும் பாதுகாக்கப்பட்டதுதான்.