தாய் விதையைக் காப்பாற்று

திருவண்ணாமலை,
தை 12

அன்புள்ள தம்பி செந்திலுக்கு,

இலவம்பாடி முள் கத்தரியையும் வாடல் நோய் தாங்கும் இன்னொரு கத்தரியையும் சேர்த்துப் புது ரகம் எடுக்கப் போகிறாயாம், அம்மா சொன்னாள். கேட்டதிலிருந்து மனசெல்லாம் சந்தோஷம்.

பூவைச் சேர்க்கும் வேலை உனக்குக் கைவந்தது. என் கவலை விதையைப் பற்றித்தான். முதல் தலைமுறைச் செடிகள் ஒரே மாதிரி இருக்கும். அடுத்ததில் குணம் பிரிந்துபோகும். நிலைக்க ஆறேழு தலைமுறை ஆகும். நடுவில் முள் கத்தரியின் ருசி மங்கினால் தாயோடு மறுபடி சேர்க்க வேண்டும். அன்றைக்குத் தாய் விதை உயிரோடு இருக்கணுமே! அதனால் பெற்றோர் இரண்டிலும், ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பங்கை எடுத்து வை.

பழம் செடியிலேயே மஞ்சளாகட்டும். விதையை அலசி நிழலில் உலர்த்து. விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், சூடு 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும் என்பது விதை ஆய்வாளர் ஹாரிங்டன் சொன்ன தோராயக் கணக்கு. ஆயா சாம்பலில் புரட்டிச் சுரைக்குடுக்கையில் வைத்ததும் ஈரத்தையும் பூச்சியையும் தடுக்கத்தான். நீ விதையின் எடைக்குச் சமமாக சிலிக்கா ஜெல் போட்டு, கண்ணாடி பாட்டிலில் இறுக மூடி ஒரு வாரம் வை. பிறகு ஃபிரிட்ஜுக்கு மாற்று. சரியாகக் காயாததை ஃபிரீசரில் வைத்துவிடாதே. உள்ளே இருக்கும் நீர் உறைந்து விதையைக் கொன்றுவிடும். வெளியே எடுத்ததும் பாட்டிலைத் திறக்காதே. குளிர் முழுக்க விட்ட பிறகு திற, இல்லாவிட்டால் விதைமேல் நீர் கோத்துக்கொள்ளும்.

அவ்வப்போது ஈரத்துணியில் முளைப்பு பார். நூற்றுக்கு 85க்குக் கீழே இறங்கினால் விதைத்துப் புது விதை எடு. அப்போது பூவுக்கு உறை கட்ட மறக்காதே, தேனீ கலந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே வீட்டில் வைக்காதே. சிரியாவில் அலெப்போ அருகே இருந்த விதை வங்கி போரில் சிக்கிக்கொண்டது. நார்வேயின் ஸ்வால்பார்டில் மறுபங்கு வைத்திருந்ததால், 2015இல் அதை எடுத்து லெபனானிலும் மொராக்கோவிலும் பயிரிட்டுப் பெருக்கினார்கள். உன் விதைக்கு அந்த மறுபங்கு வீடு என் வீடாக இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டலம் அனுப்பு. ரகம், தாய், தந்தை, ஆண்டு நான்கையும் பென்சிலால் எழுதி உள்ளே போடு. பாட்டில்களைத் தயாராக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா