நின்று வாசிக்கும்படி ஒரு பலகை



வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் நமது ஆலய வளாகத்தில் பெண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடைபெறும். அதற்காக வாலிபர்கள் ஒரு சுவரொட்டி தயாரித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். கறுப்புப் பின்னணி, சிவப்பு எழுத்து, நடுவே கொடுக்கை விரித்த பெரிய நண்டு. வாசலிலிருந்தே கண்ணை இழுத்தது. ஆனால் இரண்டு வாரமாகியும் நான்கு பேரே பெயர் கொடுத்திருந்தார்கள். மூத்த தாயார் ஒருவரிடம் காரணம் கேட்டேன். "அதைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது ஐயா. அதனால் அந்தப் பக்கம் திரும்பாமலே போய்விடுகிறேன்" என்றார்.

அந்தப் பதில் எனக்குள் ஒரு பழைய காயத்தைத் திறந்தது.

2000களின் தொடக்கத்தில் சென்னையின் விளம்பரப் பலகைகளில் இருந்த ஒரு கேள்வி உங்களில் பலருக்கு நினைவிருக்கும்: "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" பேருந்தில் போகிறவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். விழிப்புணர்வுக்காக எழுந்த கேள்வி ஊர்ப்பேச்சாயிற்று. விரைவிலேயே கேலிப்பேச்சும் ஆயிற்று. அப்போது உதவிப் போதகராயிருந்த நான் ஒரு ஞாயிறு பிரசங்கத்தை அந்தக் கேள்வியோடு ஆரம்பித்தேன். சபை சிரித்தது. பின்பு பாவத்தையும் அதன் தண்டனையையும் குறித்துக் கடுமையாகப் பேசினேன். நல்ல செய்தி என்று பலர் கைகுலுக்கிச் சென்றார்கள்.

சில ஆண்டுகளுக்குப் பின் அந்தச் சபையின் சகோதரர் ஒருவரை அடக்கம் செய்தோம். காசநோய் என்றே எண்ணியிருந்தோம். ஆறுதல் ஜெபத்திற்குச் சென்றபோது அவருடைய மனைவி தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவருக்கு எச்.ஐ.வி. இருந்தது ஐயா. உங்களிடம் சொல்ல நினைத்திருந்தார். அந்தப் பிரசங்கத்துக்குப் பிறகு யாரிடமும் வாய் திறக்கவில்லை, ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை." அந்தச் சகோதரியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

2004 ஏப்ரல் 1 முதல் இந்நோய்க்கான கூட்டு மருந்தை அரசு இலவசமாக வழங்கத் தொடங்கியது. முதலில் வழங்கிய இடங்களில் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையும் ஒன்று. மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம். மருந்து அவ்வளவு அருகில் இருந்தது. வழியை அடைத்து நின்றவர்களில் நானும் ஒருவன்.

ஆபகூக் 2:2ஐ வாசித்துப் பாருங்கள். தாம் காண்பித்ததைப் பலகைகளில் தெளிவாக எழுதும்படி தேவன் தீர்க்கதரிசிக்குச் சொல்லுகிறார். விரைந்து செல்கிறவனுக்கும் அது விளங்கவேண்டும். எழுத்து கண்ணில் படவேண்டியது அவசியமே. ஆனால் மாற்கு முதல் அதிகாரத்தில் வரும் குஷ்டரோகியைப் பாருங்கள். ஊருக்குப் புறம்பே இருக்கவேண்டியவன் இயேசுவினிடத்தில் துணிந்து வந்தான். அவரோ மனதுருகி, கையை நீட்டி அவனைத் தொட்டார். அதன் பின்பே அவன் சுத்தமானான். நோயாளி கிட்டே வரக்கூடியவராக அவர் இருந்தார். நம் பலகைகளும் பிரசங்கங்களும் அப்படி இருக்கின்றனவா?

வாலிபர்களிடம் என் கதையைச் சொன்னேன். அவர்களே நண்டை எடுத்துவிட்டார்கள். புதிய சுவரொட்டியில் இரண்டு பெண்கள் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய எழுத்தில் சில வரிகளே உள்ளன: கருப்பைவாய்ப் புற்றுநோயை முற்றுமுன்னே கண்டறிந்து தடுக்கலாம், பெண் மருத்துவரே பரிசோதிப்பார், துணைக்கு ஒருவரை அழைத்துவரலாம், கட்டணம் இல்லை. கீழே நாளும் நேரமும்.

கடந்த ஞாயிறு அந்தத் தாயார் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, நின்று, முழுவதும் வாசித்தார். பிறகு தம் பெயரையும் மருமகளின் பெயரையும் எழுதிவைத்தார்.

இந்த வாரம் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், ஒரு நோயை மறைத்துக்கொண்டு ஒருவர் இருக்கலாம். உங்கள் முகத்தில் அவர் எதை வாசிக்கிறார்?

ஜெபம்: கர்த்தாவே, நாங்கள் பயமுறுத்தி விலக்கியவர்களுக்காக எங்களை மன்னியும். ஒருவரும் அஞ்சாமல் அருகே வரத்தக்கவர்களாக எங்களை மாற்றும். ஆமென்.