13 மில்லிமீட்டர் தோல்

போன வருஷம் ஆபீஸ் நண்பர்களோடு பூல் விளையாடப் போய், ஆசையில் ஒரு கியூவும் வாங்கினேன். மூன்றே வாரம். அடிக்கிற பந்தெல்லாம் வழுக்கிக்கொண்டு வேறு பக்கம் ஓடியது. டெங்கிலில் கியூவுக்கு டிப் மாற்றத் தெரிந்த ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். என் அண்ணன்.

அதனால்தான் போகத் தயங்கினேன்.

அப்பா பிராங் பெசார் தோட்டத்தில் மரம் சீவியவர். 1995-இல் புத்ராஜெயா கட்டத் தொடங்கினார்கள்; தோட்டம் போனது. தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்தபோது நான் கைக்குழந்தை. “மரமும் இல்ல, நெலமும் இல்ல. படிச்சாதான்டா பொழைக்க முடியும்” என்பது அப்பா தினமும் சொல்லும் பேச்சு. ஸ்னூக்கர் சென்டர் என்றால் அவருக்குக் குண்டர் கும்பல்தான். அண்ணன் நான்காம் படிவத்தில் டியூஷன் என்று சொல்லிவிட்டு அங்கே போவதை நான்தான் போட்டுக்கொடுத்தேன். காசு சேர்த்து அவன் வாங்கிய கியூவை அப்பா முழங்காலில் வைத்து உடைத்தார். எஸ்.பி.எம். முடித்ததும் அவன் வேலைக்குப் போய்விட்டான். நான் செர்டாங்கில் எஞ்சினியரிங் படிக்கப் போனேன்.

அண்ணன் என் கியூவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். “கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கு. சாக் எப்படிடா நிக்கும்?”

அவன் சொல்லிக்கொடுத்ததை எழுதி வைக்கிறேன். பூல் கியூவுக்கு டிப் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர். ஸ்னூக்கருக்கு 9, 10. மெத்தென்ற தோல் சாக்கை நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் அமுங்கிக் காளான் மாதிரி ஓரம் பிதுங்கும். கெட்டியான தோல் வடிவம் மாறாது, ஆனால் அடிக்கடி சொரசொரப்பாக்க வேண்டும். புதிதாக ஆடுபவருக்கு நடுத்தரம் போதும். அடுக்குத் தோலில் செய்த விலையுயர்ந்த டிப் இப்போதைக்கு வேண்டாம். மேல்பக்கம் தட்டையாக இருக்கக்கூடாது. காசின் விளிம்பு வளைவு மாதிரி இருக்கணும். சாக்கைத் திருகக் கூடாது, மெதுவாகத் தடவணும்.

டிப் பந்தைத் தொடுவது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் தோல் வழுக்கினால் அவ்வளவுதான். உராய்வைப் பற்றி நான் நான்கு வருஷம் படித்தேன். அண்ணன் அதை விரல் நுனியில் வைத்திருக்கிறான்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிங்கோ என்ற பிரெஞ்சுக்காரர்தான் கியூ நுனிக்குத் தோலைக் கொண்டுவந்தவர் என்பார்கள். ஸ்னூக்கர் பிறந்தது 1875-இல் ஜபல்பூரில், வெள்ளைக்கார அதிகாரிகளிடம். அதன் விதிகளை எழுதி மாட்டியது நம் ஊட்டி கிளப்பில். துரைமார் விளையாட்டு. துரை தோட்டத்துத் தொழிலாளியின் மகன் அதற்குத் தோல் ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

பழைய டிப்பைப் பிளேடால் சீவி எடுத்தான். அடிப்பாகத்தைத் தட்டையாகத் தேய்த்தான். “இங்க கொஞ்சம் மேடு பள்ளம் இருந்தாலும் ரெண்டு நாள்ல பிச்சிக்கிட்டு வந்துரும்.” துளி சூப்பர் குளூ விட்டு, டிப்பை நடுவில் வைத்து அழுத்திப் பிடித்தான்.

“அன்னிக்கு அப்பாகிட்ட சொன்னது நான்தாண்ணே.”

“தெரியும்டா.” கையை எடுக்கவில்லை. “வேற யாரு சொல்லியிருப்பா?”

பசை காய்ந்ததும் கியூவைத் தலைகீழாகப் பலகைமேல் நிறுத்தி, ஓரத்தைச் செதுக்கி, எமரித்தாளால் வளைவு கொடுத்தான். நான் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசிக்கும்போதே கியூவை நீட்டினான்.

“பதினஞ்சு வெள்ளி.”

கொடுத்தேன். எண்ணிப் பார்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். “பளபளன்னு ஆனா நீயே தேய்ச்சுக்க. அதுக்கெல்லாம் இங்க வராதே” என்றான். பிறகு, “சனிக்கிழமை வா. நீ எப்படி அடிக்கிறேன்னு பார்க்கிறேன்.”

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த முறை யாரும் போட்டுக்கொடுக்க மாட்டார்கள்.