உடுத்துமுன் எழுதிய உடல்

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் வெளிப்பிராகாரத்தில் விளக்கேந்தி நிற்கும் கற்பாவைகளைக் கண்டிராதவர் நம் கல்லூரியில் அரியர். விடுமுறையொன்றில் அப்பாவைகளுள் ஒன்றைத் தாளில் எழுத விழைந்து, கோயிலாரின் இசைவு பெற்று, மூன்று நாள் அங்கே அமர்ந்தோம். முதல்நாள் எழுதியது முற்றும் பிழையாயிற்று. ஆரத்தையும் தோள்வளையையும் மேகலையையும் மணிமணியாக முதலில் தீட்டிவிட்டோம். அணிகள் செவ்வனே அமைந்தன. அவற்றைப் பூண்ட பெண்தான் தாளில் இல்லை. நகைகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாற்போல் இருந்தது.

அன்றிரவு, பிரெஞ்சு ஓவியர் ழாக் லூயி தாவீதின் சித்திரங்கள் அடங்கிய நூலொன்றைப் புரட்டினோம். 1789 ஜூன் 20 அன்று வெர்சேயின் பந்தாட்டக் கூடத்தில் கூடிய மக்கட் பிரதிநிதிகள், அரசியலமைப்பு வகுக்கும்வரை பிரியோம் எனச் சூளுரைத்தனர். அக்காட்சியைத் தாவீது பெருந்திரையில் தொடங்கி முடிக்காமலே விட்டார். சில தலைகள் மட்டும் வண்ணம் பெற்றிருக்க, அவற்றின்கீழ் உடல்கள் ஆடையின்றி வெறுங்கோடுகளாய் நிற்கின்றன. மாண்புமிக்க உறுப்பினர் அக்கோலத்தில் கை உயர்த்துவது கண்டு யாமும் முதலில் நகைத்தோம். 1775 முதல் 1780 வரை உரோமாபுரியில் தங்கிப் பழஞ்சிற்பங்களைப் பார்த்து எழுதிப் பயின்றவர் தாவீது. எந்தக் காலில் பாரம் நிற்கிறது, இடை எப்பக்கம் சாய்கிறது என்பவற்றை ஆடையற்ற உடலில் தெளிந்த பின்னரே அதன்மேல் துணியைப் போர்த்துவது அம்மரபினரின் வழக்கம். மடிப்பு என்பது எலும்பையும் தசையையும் பின்பற்றி விழுவதன்றோ?

மறுநாள், கோயில் வழக்கப்படி சட்டை களைந்து அமர்ந்த எமக்கு, எம்மைப்போலவே திறந்த மேனியராய் வலம் வந்த ஆடவரெல்லாம் பாடமாயினர். ஒருவர் ஒற்றைக் காலில் சாய்ந்து நிற்க, அப்பக்கத்து இடுப்பு உயர்ந்தது, தோளோ தாழ்ந்தது. பாவையை மீண்டும் நோக்கினோம். அவளும் அவ்வாறே நின்றாள்! அணி ஒன்றையும் எழுதாது உடலை மட்டும் எழுதினோம்.

அத்தாளை எம் பாட்டியார் கண்டார். "மக்களே, அவளுக்கு ஒரு துணியப் போட்டு வரை" என்றார். யாம் தாவீதைப் பற்றி ஒரு சொற்பொழிவே தொடங்கினோம். (கற்றதை உடனே பிறர்மேல் சொரிவது மாணாக்கர்க்கு இயல்பு.) பொறுமையோடு கேட்டிருந்து, பின் தம் பாட்டியார் சொல்லக் கேட்டவற்றைச் சொன்னார். இந்நாட்டில் நாடார் குலப் பெண்டிர் மார்பை மறைத்தல் ஒருகாலத்தில் குற்றம். மறைத்தவரின் துணி தெருவில் கிழிக்கப்பட்டது. 1822 தொடங்கி மும்முறை கலகம் மூண்டது. 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் அரசர் உத்திரம் திருநாள் பிறப்பித்த ஆணை, மறைக்க உரிமை தந்தது. அப்போதும், உயர்சாதியார் அணியும் முறையில் அணிதலாகாது என்றே விதித்தது. யாம் தாளும் கோலுமாய் அமர்ந்த அக்கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கவும் 1926-லும் 1930-லும் சத்தியாக்கிரகம் வேண்டியிருந்தது. உள்ளே புகும் உரிமை 1936 நவம்பர் 12-ஆம் நாள்தான் வந்தது.

எம் சொற்பொழிவு நின்றுபோயிற்று. தாவீதின் தாளில் ஆடையின்மை, ஆடைக்கு முந்திய ஒரு படி; எம் முன்னோர்க்கோ அது பிறர் இட்ட கட்டளை. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தல் எமக்கு இனி எளிதன்று. எனினும் அத்தாளைக் கிழித்தெறியவும் மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் கோயிலில் அணிகளை எழுதி முடித்தோம். அவை இம்முறை உடலில் தங்கின. மாலையில் வீடு திரும்பி, அதே உடலின்மேல் வேறொரு தாளை வைத்துப் படியெடுத்து, மேல்முண்டு ஒன்றை எழுதத் தொடங்கினோம். பாட்டியார் எட்டிப் பார்த்து, "இப்படியா விழும்?" என்றார். குத்துவிளக்கை இரு கையாலும் ஏந்தி, தம் தோள்துணியைச் சரிசெய்து, கூடத்தின் நடுவே நின்றார். கை வலிக்கும்வரை நின்றார். யாம் எழுதினோம்.